நிலத்தைக் காடாகவே விட நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். அய்யலூர் பக்கம் ஆறு ஏக்கர் முள்ளுக்காடு வாங்கியிருக்கிறார். தேவாங்கு இருக்கிறதாம். "அண்ணே, பிள்ளைங்க பேருக்கு செட்டில்மென்ட் எழுதி, விக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துட்டா போதும்ல?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வரியை ஒருகாலத்தில் எழுத வைத்தவன் நான்.

வில்லங்கம் பார்ப்பது, எல்லைக்கல் நடுவது, தீர்வை கட்டுவது இதெல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள். விட்டுவிடுகிறேன்.

"விற்கக் கூடாது" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது

பெரியப்பாவுக்கு ஒன்பது ஏக்கர் கரட்டு நிலம். உசிலை, வெள்வேல், கிளுவை. ராத்திரி டார்ச் அடித்தால் உசிலைக் கிளையில் இரண்டு கண்கள் தணல் மாதிரி மின்னும். தனக்குப் பிறகும் அது அப்படியே கிடக்க வேண்டும் என்று இரண்டு மகன்களுக்கும் செட்டில்மென்ட் எழுதினார். நான் சொல்லச் சொல்லப் பத்திர எழுத்தர் எழுதினார்: "மேற்படி சொத்தை எக்காலத்திலும் விற்கவோ, மரங்களை வெட்டவோ, மனைகளாகப் பிரிக்கவோ கூடாது." அந்த "எக்காலத்திலும்" என் யோசனை. அன்றைக்கு அதில் பெருமை வேறு.

பெரியப்பா போன மூன்றாம் வருஷம் அண்ணன்கள் விலை பேசிவிட்டார்கள். பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். அவர் அந்த வரியில் விரலை வைத்து, "இது இல்லைன்னு நெனச்சுப் படிங்க" என்றார்.

சொத்து மாற்றுச் சட்டம், 1882. முழு உரிமையையும் கொடுத்துவிட்டு அறவே விற்கக் கூடாது என்று தடுத்தால் தடை செல்லாது என்கிறது பிரிவு 10. இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்ற கட்டளையும் வாங்கியவரைக் கட்டாது என்கிறது பிரிவு 11. நிலம் கைமாறிவிடும், நிபந்தனை மட்டும் காகிதத்திலேயே தங்கிவிடும். இப்போது அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள். ஒரே ஒரு உசிலையை நிழலுக்கு விட்டிருக்கிறார்கள். அந்த வழியே போவதில்லை நான்.

அமெரிக்காவில் நிலம் சொந்தக்காரரிடமே இருக்க, கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் ஓர் அமைப்புக்கு எழுதிக்கொடுத்து நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறார்கள். யூடியூபில் பார்த்துவிட்டு அதை இங்கே கேட்கிறார்கள். நம் ஈஸ்மென்ட் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தின் மேல் உள்ள அனுபவ உரிமை பற்றியது), அந்த உரிமையால் பலன் பெற இன்னொரு நிலம் இருந்தாக வேண்டும். சென்னையில் வாடகைக் கட்டடத்தில் இருக்கும் சங்கத்தின் பெயருக்கு அதை எழுத முடியாது.

ஆனால் பிரிவு 11-லேயே ஒரு சந்து உண்டு. எழுதிக்கொடுப்பவருக்குச் சொந்தமான வேறொரு துண்டு நிலத்தின் நன்மைக்காகப் போடும் கட்டுப்பாடு நிற்கும். பெரியப்பா ஓர் ஏக்கரை வைத்துக்கொண்டு, அதன் நன்மைக்காக மற்ற எட்டில் கட்டடம் கூடாது என்று எழுதியிருந்தால், விஷயம் தெரிந்து வாங்கியவரிடமும் வழக்காடியிருக்கலாம். அதுவும் "செய்யாதே" என்பதற்குத்தான். "மரம் நடு" என்பதற்குச் செல்லாது. விற்பனையையும் தடுக்காது.

நேர்வழி பொது அறக்கட்டளைதான். தலைமுறை தாண்டிச் சொத்தைக் கட்டிவைக்கக் கூடாது என்கிற பிரிவு 14, பொதுநன்மைக்கான மாற்றங்களைத் தொடாது; பிரிவு 18 விலக்கு தருகிறது. நோக்கம் குடும்ப நன்மையாக இருந்தால் அந்த விலக்கு இல்லை. பத்திரத்தையும் வரி விடாமல் படியுங்கள். டைப் செய்து வைத்திருக்கும் மாதிரியில் "அறங்காவலர்கள் சொத்தை விற்க, அடமானம் வைக்க அதிகாரம் உண்டு" என்று ஒரு பத்தி கிடக்கும். முதலில் அதை அடியுங்கள். டிரஸ்ட் கலைந்தால் நிலம் இதே நோக்கமுள்ள வேறு டிரஸ்டுக்குப் போக வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பூர்வீகத்தைச் சுயார்ஜிதம் (தான் சம்பாதித்தது) மாதிரி எழுதிக்கொடுப்பது

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு. கூட்டுச் சொத்தைத் தனியாளாக டிரஸ்டுக்குத் தானம் எழுதினால், பங்கு கேட்டு ஒரு வழக்கு வந்து எல்லாவற்றையும் இழுத்துவிடும். பாகப்பிரிவினையை முடித்துவிட்டுக் காட்டைப் பற்றிப் பேசுங்கள்.

நம் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குப் பவர் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

"சரணாலயம்" என்று போர்டு வைப்பது

கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022-ல் அரசு அறிவித்தது. 11,806 ஹெக்டேர். அதை ஒட்டி இருப்பதாலேயே நம் பட்டா நிலம் அதில் சேர்ந்துவிடாது. பட்டாதாரருக்கு உள்ள கதவு வேறு: வன உயிரினச் சட்டத்தில் 2002-ல் சேர்த்த பிரிவு 36-சி, சமுதாயக் காப்பகம். உரிமையாளர் தானாக முன்வர வேண்டும், அரசு அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்றக் குழுத் தீர்மானமும் அரசு ஒப்புதலும் தேவை. தனியார் நிலமானால் அந்தக் குழுவில் உரிமையாளர், வனத்துறை, ஊராட்சி என்று மூன்று தரப்பும் இருக்கும். மனுப்போட்டு அலையத் தெம்பு வேண்டும், ஆனால் பயலுக்கு எழுதிவைப்பதைவிடக் கெட்டி.

ஜேசிபி

முதல் மூன்று வருஷம் உள்ளே விடாதீர்கள், சீமைக்கருவேலம் எடுக்கக்கூட.

பட்டாவை மறப்பது

பத்திரம் டிரஸ்ட் பெயரில், பட்டா செத்துப்போனவர் பெயரில். வாரிசுச் சான்றோடு ஒருவர் விஏஓ ஆபீஸ் போனால் தலைவலி ஆரம்பம். பதிவு முடிந்த கையோடு மாறுதலுக்கு எழுதிப் போடுங்கள்.

அந்தத் தம்பி நேற்று டிரஸ்ட் பத்திர நகலை வாட்ஸப்பில் அனுப்பினார். நன்றாகத்தான் இருந்தது. ஏழாம் பக்கத்தில் "விற்க, அடமானம் வைக்க" அப்படியே கிடந்தது.