சிகரெட்டை விட்ட முதல் வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி முடிந்த கையோடு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சில தம்பிகள் சிகரெட்டை விடுவதாகச் சொல்லி ஆரம்பித்தார்கள். லேத் ஓட்டுகிறவர்கள், வெல்டிங் பார்க்கிறவர்கள், எல்லாருமே மனசார விட நினைத்தவர்கள்தான். ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை, பாதிப் பேர் மறுபடியும் கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் நின்றார்கள். கூப்பிட்டு விசாரித்தால், அந்தக் காலத்தில் நான் வழுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் வழுக்கியிருக்கிறார்கள். மன உறுதி இல்லை என்று அவர்களில் யாரையும் சொல்ல எனக்கு வாய் வராது. விவரம் தெரியாமல் தோற்றவர்கள்தான் அதிகம்.

பாக்கெட்டை வீட்டில் வைக்காதீர்கள், லைட்டரைத் தூக்கிப் போடுங்கள், தம் அடிக்கும் கூட்டத்தோடு டீக்கடைக்குப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிக் கேட்டதுதான். அதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன்.

## தேதி குறிக்கும்போது முதல் நாளை மட்டும் பார்ப்பது

சிகரெட்டுக்கு அடிமையாக்குவது அதில் இருக்கும் நிக்கோட்டின். ரத்தத்தில் அது ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கடைசி சிகரெட்டை அணைத்த சில மணி நேரத்திலேயே உடம்பு கேட்க ஆரம்பித்துவிடும். எரிச்சல், தலைவலி, எதிலும் கவனம் நிற்காதது, தூக்கம் வராதது, அடங்காத பசி எல்லாம் உச்சத்துக்குப் போவது 2-ஆம், 3-ஆம் நாளில். அப்புறம் மெல்ல இறங்கி, 3, 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தேதி குறிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்கு விடுவது சுலபம் என்று நினைக்கிறார்கள். ஞாயிறு சுலபமாகத்தான் போகும். திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் பின்னால் நிற்க, உச்சம் அங்கே வந்து நிற்கும். வியாழன் இரவோடு நிறுத்தினால் கடினமான நேரத்தில் பாதியாவது வாரக் கடைசியில் வீட்டில் கழியும். உங்கள் வேலையில் எந்த இரண்டு நாள் லேசானவை என்று பாருங்கள், அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தேதி வையுங்கள். மாதக் கடைசிக் கணக்கு, ஆடிட், உறவுக்காரர் கல்யாணம் ஆகியவை 3-ஆம் நாளில் வந்து விழக் கூடாது.

## நிக்கோட்டின் கம்மை சூயிங்கம் மாதிரி மெல்வது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும். கையில் நல்ல உதவி இருந்தும், அதைப் பயன்படுத்தும் முறையை யாரும் சொல்லித் தராத ஒரே காரணத்தால் எத்தனையோ பேர் சிகரெட்டுக்கே திரும்பிப் போகிறார்கள்.

நடப்பது இதுதான். சிகரெட்டை விட நினைக்கிறவர், அந்த ஆசையை அடக்கும் நிக்கோட்டின் கம்மை மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்கிறார். அட்டையை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்கிறார்கள், எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு வார்த்தை கிடையாது. உள்ளே இருக்கும் தாளில் பொடி எழுத்தில் ஆங்கிலம். பார்த்தால் சூயிங்கம், ருசியும் புதினா. அதனால் சூயிங்கம் மாதிரியே வேகமாக மென்று தள்ளுகிறார். சற்று நேரத்தில் தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. "எனக்கு ஒத்துக்கலைங்ணா" என்று மீதியைக் குப்பையில் போட்டுவிட்டு, அன்று மாலையே ஒரு சிகரெட் பற்ற வைத்துவிடுகிறார்.

கம்மில் இருக்கும் நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டிய மருந்து. வேகமாக மென்றால் எச்சிலோடு கலந்து வயிற்றுக்குள் போய்விடும். அங்கே எரிச்சலைக் கொடுக்கும். பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும். ஆக, தொந்தரவு முழுசாக வரும், பலன் வராது.

சரியான முறை இது. மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள். நாக்கில் காரமாகவோ சுருசுருவென்றோ தெரிந்ததும் மெல்வதை நிறுத்துங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதை ஒதுக்கி வையுங்கள். நம் பாட்டிமார் வெற்றிலையோடு புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்களே, அதே மாதிரி. காரம் அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று, வேறு இடத்தில் ஒதுக்குங்கள். இப்படி ஒரு கம் சுமார் 30 நிமிடம் வரும்.

அடுத்து டீ, காபி. வாயில் புளிப்போ அமிலமோ இருந்தால் நிக்கோட்டின் உள்ளே ஏறாது. காபி, கூல்டிரிங்க்ஸ், எலுமிச்சை ஜூஸ் எல்லாம் அதைக் கெடுக்கும். கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, வாயில் இருக்கும் வரை, தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. நம்மவர்களுக்கோ சிகரெட் ஞாபகம் வருவதே டீ கிளாஸைப் பிடித்ததும்தான். ஒரு கையில் டீயும் வாயில் கம்முமாக நிற்பவரைப் பார்த்தாலே எனக்கு ஓடிப் போய் நிறுத்தத் தோன்றும்.

சிகரெட் புகையில் இருக்கும் நிக்கோட்டின் 10, 20 விநாடியில் மூளைக்குப் போய்விடும். கம் முழுசாக ஏற 20, 30 நிமிடம் ஆகும். அந்த "கிக்" இதில் வரவே வராது. அது தெரியாமல், ஆசை தலைக்கேறிய பிறகு ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். ஆசை வருவதற்கு முன்பே போட வேண்டும். முதல் 6 வாரம் 1 அல்லது 2 மணி நேரத்துக்கு ஒன்று, கடிகாரம் பார்த்து. ஒரு நாளில் குறைந்தது 9 ஆவது போக வேண்டும், 24-ஐத் தாண்டக் கூடாது. அதன் பிறகு படிப்படியாக இடைவெளியைக் கூட்டி, மொத்தம் 12 வாரத்தில் நிறுத்துவதுதான் வழக்கம். 4-ஆம் நாள் கொஞ்சம் தெளிவாக இருப்பதைப் பார்த்து "போதும், சமாளிச்சிட்டேன்" என்று கம்மை நிறுத்துகிறவர்கள், 6-ஆம் நாள் பெட்டிக்கடையில் நிற்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அளவிலும் தப்பு நடக்கிறது. காலையில் கண் விழித்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் கம் வேண்டும். அதற்குப் பிறகே பிடிப்பவருக்கு 2 மில்லிகிராம் போதும். நம் ஊரில் சீட்டு இல்லாமல் கடையில் கிடைப்பது 2 மில்லிகிராம். 4-க்கு டாக்டர் எழுதித் தர வேண்டும். போன வருஷம் ஒரு வெல்டிங் தம்பி, படுக்கையில் இருந்து எழுந்ததும் வாசலில் நின்று பற்ற வைக்கிறவர், 2 மில்லிகிராமில் நாளுக்கு மூன்று போட்டுக்கொண்டு, "மருந்தே பொய்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். அவர் தோலில் ஒட்டும் பேட்சையும் கம்மையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார். பேட்ச் நாள் முழுக்க ஒரே சீராக நிக்கோட்டினைக் கொடுக்கும், திடீரென்று வரும் ஆசையைக் கம் பார்த்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதைவிட இது நன்றாகவே வேலை செய்யும். அந்தத் தம்பி இன்றுவரை சிகரெட்டைத் தொடவில்லை.

"கம்மிலயும் அதே விஷம்தானே, கேன்சர் வராதா" என்று கேட்கிறவர்களும் உண்டு. விட முடியாமல் பிடித்து வைப்பது நிக்கோட்டின். புற்றுநோயைக் கொண்டுவருவது புகையிலை எரியும்போது வரும் தாரும் மற்ற ரசாயனங்களும். அந்தப் பயத்தில் கம்மை விட்டுவிட்டுச் சிகரெட்டுக்குத் திரும்புவதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. கர்ப்பிணிகளும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

## பீடிக்கு மாறுவது

மாறாதீர்கள். புகை புகைதான்.

## காபி, டீயை அதே அளவில் குடிப்பது

இது பலருக்கும் தெரியாது. சிகரெட் புகையில் இருக்கும் தார் சம்பந்தப்பட்ட பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காபியிலும் டீயிலும் உள்ள கஃபீனை வேகவேகமாகக் கரைக்க வைக்கும். அதனால்தான் புகை பிடிக்கிறவர்களால் ஆறு டீ குடித்துவிட்டும் தூங்க முடிகிறது. சிகரெட்டை நிறுத்திய சில நாளிலேயே கல்லீரல் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அதே ஆறு டீ குடித்தாலும் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். பழியெல்லாம் சிகரெட்டை விட்டதன் மேல் விழும்.

விடும் நாளிலிருந்தே பாதியாகக் குறையுங்கள். மாலை ஆனதும் வேண்டாம்.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் ரத்தத்தில் கூடும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு குளோசபின், ஓலன்சபின் எடுப்பவர்கள் விடுவதற்கு முன்பே தங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இதை மறக்காதீர்கள்.

## வேப்

வேப் என்கிற இ-சிகரெட்டுக்கு 2019-லேயே இந்தியாவில் தடை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

## ஒருத்தருக்கும் சொல்லாமல் விடுவது

நம் வீடுகளில் இது தனிச் சிக்கல். அப்பாவுக்குத் தெரியாமல் பிடித்தவர், விடுவதையும் தெரியாமல்தான் விட வேண்டியிருக்கிறது. பிடிப்பதாகவே ஒப்புக்கொள்ளாதபோது, விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனால், வீட்டில் இருப்பவர்களுக்குக் காரணமே புரியாது. வேலையில் பிரச்சினையா, கடனா, என்னமோ மறைக்கிறான் என்று அம்மா கவலைப்படுவார். அந்தச் சண்டையில் இருந்து தப்பித்துத் தெருமுனைக்குப் போய் நின்றால், அங்கே கடை.

ஒரே ஒருத்தருக்காவது சொல்லுங்கள். மனைவி, அக்கா, உடன் வேலை பார்க்கிற ஒருவர், யாராக இருந்தாலும் சரி. "இன்னும் நாலு நாளைக்கு நான் எரிஞ்சு விழுந்தா மனசுல வெச்சுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கும். சொல்ல ஆளே இல்லாதவர்களுக்கு 1800-11-2356 என்ற அரசின் இலவச எண் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலேயே பேசலாம். 2018-இலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் இந்த எண் அச்சாகி வருகிறது. நம்மில் பெரும்பாலோர் பெட்டிக்கடையில் ஒன்று ஒன்றாக உதிரியில் வாங்குவதால், பாக்கெட்டைக் கையில் பிடித்துப் படித்ததே இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

## மாலை போட்ட கணக்கில் விடுவது

சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். நாள் முழுக்கப் புகை பிடித்தவர்கள், அந்த 41 நாளும் ஒரு இழுப்புகூட இழுப்பதில்லை. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. கம் இல்லை, பேட்ச் இல்லை, அந்தக் கொடுமையான 3-ஆம் நாளைச் சரணம் சொல்லியே கடந்தவர்கள். உடம்பின் தொந்தரவெல்லாம் நான்காவது வாரத்தோடு அவர்களுக்கு முடிந்துவிட்டது. கடினமான வேலையை முடித்துவிட்டார்கள்.

மாலையைக் கழற்றிய அன்றே பற்ற வைக்கிறார்கள். 41 நாளும் மனசில் ஓடியது "மாலை கழற்றும் வரைக்கும்" என்ற கணக்கு. மாலை போடாமல் விடுகிறவர்களிடமும் இதே கணக்கைப் பார்க்கிறேன். "ஒரு மாசம் பார்ப்போம்", "பொங்கல் வரைக்கும்" என்பார்கள். முடிவுத் தேதி வைத்தால் மனசு அந்தத் தேதிக்காகக் காத்திருக்கும். மாலை போட்டிருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது, கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி, இறங்கி வந்ததும் முதல் இரண்டு நாளை எங்கே, யாரோடு கழிப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

## இருமல் கூடியதும் பயப்படுவது

நுரையீரல் குழாய்களில் அழுக்கை மேலே தள்ளும் நுண்ணிய ரோமங்கள் புகையால் செயலிழந்து கிடந்தவை. விட்டதும் அவை மறுபடி வேலை செய்யத் தொடங்கும். சில வாரங்களுக்குச் சளியும் இருமலும் கூடலாம். சிலருக்கு வாய்ப்புண், மலச்சிக்கலும் வரும். "சிகரெட்டை விட்டதுக்கு அப்புறம்தான் உடம்பு கெட்டுப் போச்சு" என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், கீரை, பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். இருமலில் ரத்தம் வந்தாலோ, இருமல் வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

## சோதித்துப் பார்க்க ஒரு இழுப்பு

வேண்டாம். இழுத்துவிட்டால், மீதியைக் கீழே போட்டு அணைத்துவிட்டு அந்த நிமிடத்திலிருந்தே தொடருங்கள். அடுத்த மாதம் ஒண்ணாம் தேதி வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். கம்மையும் பேட்சையும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றித் தருவார்.