மரண தண்டனையை அரசமைப்பின்படி எதிர்க்க, எந்த நீதிமன்றத்தில் எதைக் கேட்பது?

மதுரை அமர்வு நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனைத் தீர்ப்பு வாசிக்கப்பட்டதும், "தூக்கே அரசமைப்புக்கு விரோதம் என்று இங்கேயே வாதாட முடியாதா, ஐயா?" என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எதை எங்கே கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

அமர்வு நீதிமன்றத்துக்கு ஒரு சட்டப்பிரிவைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் இல்லை. வழக்கை முடிக்க அந்தப் பிரிவின் செல்லுபடியைத் தீர்மானித்தே ஆக வேண்டும் என்றும், அது செல்லாதது என்றும் நீதிபதி கருதினால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 436-ஆம் பிரிவின்படி காரணங்களோடு உயர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். ஆகவே இதற்கான மனுவை விசாரணை நடக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு, ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கு போகும். உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் தூக்கை நிறைவேற்ற முடியாது என்பதால் அதே சட்டத்தின் 407-ஆம் பிரிவின்படி வழக்குக் கட்டு தானாகவே மேலே செல்லும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாமல், 30 நாட்களுக்குள் தனியாக மேல்முறையீடும் செய்யுங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லலாமா என்றால், அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் சொல்லலாம். ஆனால் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், மரண தண்டனை செல்லும் என்றும், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். அரசமைப்பின் 141-ஆம் பிரிவின்படி அது எல்லா உயர் நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. எனவே மரண தண்டனையையே முழுவதும் நீக்கும்படி கேட்டால் இங்கே கிடைக்காது. குறிப்பிட்ட ஒரு பிரிவை எடுத்து, அது நீதிபதியின் கையைக் கட்டுகிறது என்று காட்டுவதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. போதைப்பொருள் சட்டத்தின் 31ஏ பிரிவு மரணத்தைக் கட்டாயமாக்கியிருந்ததை எதிர்த்த மனுவில், அது உயிர் வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு முரண் என்று 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறி, 'விதிக்க வேண்டும்' என்பதை 'விதிக்கலாம்' என்று படிக்க வைத்தது.

மரண தண்டனையே கூடாது என்ற பொதுவான ஆட்சேபத்தையும் மேல்முறையீட்டில் ஒரு பத்தியாக எழுதி வையுங்கள். உச்ச நீதிமன்றத்தில் அது பயன்படும். உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன உடனேயே, அரசமைப்பின் 134ஏ பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்குப் போவதற்கான மேல்முறையீட்டுச் சான்றிதழை வழக்கறிஞர் வாய்மொழியாகவே கேட்கலாம்.

குற்றவாளியின் வாழ்க்கையைக் காட்டும் காகிதங்களும் அரசமைப்பு வாதத்தில் சேர்ந்தவையே. அவற்றைத் திரட்டி நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஒரு தாய் மஞ்சள் பையில் கொண்டுவந்தது மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழையும், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவின் கசங்கிய ஓ.பி. சீட்டுகள் நான்கையும்தான், பத்துப் பக்க வாதத்தில் சொல்ல முடியாததை அந்தச் சீட்டுகளின் தேதிகள் சொல்லின. எந்தச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். நகலைக் கொடுத்து மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

கருணை மனு தள்ளுபடியான பிறகும் 226-ஆம் பிரிவு உயிரோடுதான் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2011 செப்டம்பர் 9-ஆம் நாள் மூவரைத் தூக்கிலிட இருந்த நிலையில், ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 8 வாரத் தடை விதித்தது. கருணை மனுக்களை முடிவு செய்ய ஆன தாமதத்தால் 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தேதி குறித்த உத்தரவு கைக்கு வந்தால், அன்றைக்கே அதை வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.