பிஎம்பி படத்தின் அகலம் -128 என்று வருகிறதா? சி மொழியில் பைட்டுகளை இன்டிஜராக்கும் முறை

640 × 480 அளவுள்ள ஒரு பிஎம்பி கோப்பை எடுத்துக்கொள்வோம். அகலம் 18-ஆவது பைட்டிலிருந்தும் உயரம் 22-ஆவது பைட்டிலிருந்தும் தொடங்கும் (எண்ணிக்கை 0-விலிருந்து). இரண்டுக்கும் நான்கு நான்கு பைட்டுகள்.

முதலில், அட்டோஐ ஃபங்ஷனை இங்கே தொடவே வேண்டாம். அது எழுத்தாக எழுதிய எண்ணுக்கானது. '7' என்ற எழுத்தின் மதிப்பு 55. பைனரி கோப்பில் 7 என்பது வெறும் 7.

படி 1. கோப்பை 'ஆர்பி' (பைனரியாகப் படிக்கும்) முறையில் திறங்கள். 'ஆர்' மட்டும் போட்டால் லினக்ஸில் ஒன்றும் ஆகாது. விண்டோஸில் 13, 10 என்ற இரண்டு பைட்டுகள் ஒரே 10 ஆகிவிடும். 26 வந்தால் கோப்பு முடிந்ததாகவே கொள்ளப்படும். இந்தக் குளறுபடியைக் காட்டிக்கொடுக்கத்தான் பிஎன்ஜி கோப்புகள் 137 80 78 71 13 10 26 10 என்று தொடங்குகின்றன.

படி 2. தலைப்புப் பகுதியான முதல் 54 பைட்டுகளை ஓர் அரேயில் எஃப்ரீட் மூலம் படியுங்கள். அது தரும் எண்ணிக்கை 54 தானா என்று பாருங்கள். ஸ்ட்ரக்டுக்குள் நேரடியாகப் படிக்காதீர்கள்: பிஎம்பியின் முதல் தலைப்பு 14 பைட், ஆனால் கம்பைலர் இடைவெளி சேர்ப்பதால் ஸ்ட்ரக்ட் பெரும்பாலும் 16 பைட் ஆகிவிடும்.

படி 3. பலரும் சறுக்குவது இங்கேதான். அந்த அரே அன்சைன்டு சார் (குறி இல்லாத பைட், 0 முதல் 255 வரை) ஆக இருக்க வேண்டும்.

640-க்கான பைட்டுகள் 128, 2, 0, 0. சிறிய பைட் முதலில் வருகிறது; 2 × 256 + 128 = 640. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஜிசிசி கம்பைலர் வெறும் சார்-ஐ சைன்டு (குறி உள்ளது, -128 முதல் 127 வரை) ஆகவே வைத்திருக்கிறது. அதனால் 128 என்ற பைட் -128 ஆகிறது. இன்ட் ஆக விரியும்போது மேலே உள்ள 24 பிட்டுகளும் 1 ஆகிவிடும். அதன்மேல் எதை | (பிட் வாரியான 'அல்லது') போட்டாலும் அந்த 1-கள் அழியாது, விடை -128. கூட்டல் போட்டவர்களுக்கு 384 கிடைக்கும். 480-க்கு 224, 1, 0, 0. அது -32 ஆகும். ஆனால் அகலம் 320 என்றால் பைட்டுகள் 64, 1, 0, 0. எல்லாம் 128-க்குக் கீழே என்பதால் விடை சரியாகவே வரும். பிழை ஒளிந்திருப்பது இப்படித்தான். ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் லினக்ஸில் வெறும் சார் அன்சைன்டு. அதே நிரல் அங்கே ஒழுங்காக ஓடும். அதை நம்பிவிடாதீர்கள்.

படி 4. ப என்பது அரே, யூ என்பது யூஇன்ட்32_டி (குறி இல்லாத 32 பிட் எண்) என்று கொண்டால்:

அகலம் = (யூ)ப[18] | (யூ)ப[19] << 8 | (யூ)ப[20] << 16 | (யூ)ப[21] << 24;

காஸ்ட் (வகை மாற்றம்) இல்லாமல் ப[21] << 24 என்று எழுதினால், 128 அல்லது அதற்கு மேற்பட்ட பைட் இன்ட்டின் குறி பிட்டில் போய் விழும். சி தரப்படி அது வரையறுக்கப்படாத நடத்தை. இன்ட் பாயிண்டராகக் காஸ்ட் செய்து ஒரே அடியில் படிக்கும் குறுக்குவழியை நான் பரிந்துரைப்பதில்லை. நிரல் ஓடும் கணினியின் பைட் வரிசையையும் அலைன்மென்ட்டையும் (நினைவகத்தில் எண் தொடங்க வேண்டிய இடம்) நம்பி நிற்க வேண்டியிருக்கும். பிட்டுகளை நகர்த்தும் மேற்கண்ட ஷிஃப்ட் முறைக்கு அந்தக் கவலையே இல்லை. பிஎன்ஜியில் பெரிய பைட் முதலில் வரும். அங்கே 24, 16, 8, 0 என்று வரிசையைத் திருப்பினால் போதும்.

சரிபார்க்க, லினக்ஸில் 'ஓடி' கட்டளையைப் பைட் வாரியாகத் தசம எண்ணில் காட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஹெக்ஸைவிட அதுவே எளிது.

பின்னர் சேர்த்தது: எஃப்கெட்சி கொண்டு பைட் பைட்டாகப் படிப்பவர்கள் விடையை இன்ட் மாறியில் வாங்குங்கள். சார் மாறியில் வாங்கினால், அது சைன்டு ஆக இருக்கும் கணினியில் 255 என்ற பைட்டும் கோப்பு முடிவைக் குறிக்கும் -1-உம் ஒன்றாகிவிடும். பாதியிலேயே லூப் நின்றுவிடும். அன்சைன்டு ஆக இருந்தால் லூப் முடியவே முடியாது.

இன்னொன்று: உயரம் 4294966816 என்று வந்தால் கோப்பு கெட்டுப்போகவில்லை. பைட்டுகள் 32, 254, 255, 255, அதாவது -480. பிஎம்பியில் உயரம் குறி உள்ள எண். எதிர்மறை என்றால் வரிசைகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கின்றன. யூஇன்ட்32_டி ஆகக் கட்டி முடித்தபின் இன்ட்32_டி-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.