பழனி நடைக்குப் பை கட்டும்போது செய்யும் தவறுகள்

தைப்பூசம் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் முகப்பில் ஒரு பை திறந்து கிடக்கும்; சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். நடக்கப் போகிறவர் ஒருவர். சாமான் எடுத்து வைப்பவர்கள் மற்ற இருவர். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. விடியற்காலை இரண்டு மணிக்கு, விளக்கில்லாத திண்ணையில், எது எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரிய வேண்டும். அடுத்தவர் கட்டிக் கொடுத்த பையில் அது தெரியாது. சுமக்கிறவரே கட்டட்டும், ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை வாசித்தால் போதும்.

குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி போக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பெரும்பாலான குழுக்களுக்குச் சாமான் வண்டி உண்டு. அதனால் கட்ட வேண்டியது இரண்டு பை: வண்டியில் போவது ஒன்று, தோளில் போவது ஒன்று. வண்டிதான் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு நடப்பவர்களும் உண்டு, வண்டியை நம்பாமல் வீட்டையே முதுகில் ஏற்றுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே இரண்டாம் நாள் அவதிப்படுவார்கள்.

தோள் பைக்கு மூன்று கிலோ வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரோடு சேர்த்து. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. அதை எவர்சில்வர் பிளாஸ்க்கில் ஊற்றினால் பாத்திரத்துக்கே இன்னும் 300, 400 கிராம் கூடும். சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் 40 கிராம்கூட இருக்காது. டர்க்கி டவல் அரை கிலோ, காயவும் காயாது. மெல்லிய ஈரிழைத் துண்டு 150 கிராம், அரை மணி வெயிலில் காய்ந்துவிடும். எட்டு முழ வேட்டிக்குப் பதில் நாலு முழம் வைத்தால் பாதிக்குப் பாதி மிச்சம். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஏறத்தாழ 400 கிராம், 10,000 அதில் பாதிதான், ஒரு முறைக்குக் குறையாமல் போன் ஏற்றலாம். கையில் தூக்கிப் பார்த்து மதிப்புப் போடாதீர்கள். பழைய பேப்பர்காரர் வைத்திருப்பாரே, அந்தக் கொக்கித் தராசில் மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது பையே. ஆபீஸ் லேப்டாப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அதற்கு மார்புப் பட்டை கிடையாது. நடக்க நடக்க வார் தோளிலிருந்து நழுவும். அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே நடந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஜோல்னாப் பை அதைவிட மோசம், ஒரே பக்கத் தோளை இழுக்கும். 15 முதல் 20 லிட்டர் கொள்ளும், அகலமான மெத்தை வார் வைத்த பை போதும். இரண்டு வாரையும் ஒரே அளவில் இறுக்கி, பையின் அடி இடுப்புக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கனமான பாட்டில், பவர் பேங்க் இவை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வர வேண்டும். வெளி ஜிப்பில் கனத்தை வைத்தால் பை பின்னால் இழுக்கும், ஈடுகட்ட நீங்கள் முன்னால் குனிவீர்கள். நாலு மணி நேரம் அப்படிக் குனிந்து நடந்தால் இடுப்பு போய்விடும்.

மழைக்குப் பயந்து கவர் வாங்குகிறவர்கள் வியர்வையை மறந்துவிடுகிறார்கள். தை மாதத்தில் பையை நனைப்பது பெரும்பாலும் முதுகு வியர்வைதான். துணி வழியாக ஊறி உள்ளே இருக்கும் மாற்று வேட்டிவரை போகும். துணிகளைப் பாலித்தீன் கவரில் போட்டு வையுங்கள். அதுவும் சரசரக்காத கவராக. நாற்பது பேர் தூங்கும் மண்டபத்தில் நள்ளிரவில் ஒருவர் கவரைப் பிரித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டார்ச் எல்லாவற்றுக்கும் மேலே.

மருந்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வண்டிப் பையில் போகவே கூடாது. வண்டி முன்னால் போயிருக்கும், பின்னால் நின்றிருக்கும். மாத்திரை நேரம் காத்திருக்காது. இன்சுலின் என்றால் மூடிய வண்டிச் சூட்டில் கெட்டுப்போகும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு நெடுநேர நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கற்கண்டோ குளுக்கோஸோ நின்று பை திறக்காமல் எட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும், அளவைப் பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுவதையும் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகும், நல்லதைவிடக் கெடுதல் அதிகம். 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் கடையில் இருக்கிறது, பின்னால் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு முள்வாங்கி, பஞ்சு, ஒட்டுப் பட்டை, தொடை உரசலுக்கு வாசலின், இவ்வளவும் ஒரே சின்ன டப்பாவில் அடங்கும்.

தின்பண்டம் நம் ஊர்ப் பலவீனம். ஒரு தூக்கு நிறைய முறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை. முதல் நாளே நசுங்கிப் பையின் அடியில் பொடியாகக் கிடக்கும், எண்ணெய் துணியில் ஏறும், தாகம்தான் மிச்சம். வெல்லம் இருந்தால் எறும்பும் சேர்ந்து நடக்கும். வழி நெடுக அன்னதானமும் மோரும் பானகமும் கிடைக்கையில் பொட்டுக்கடலையோ பேரீச்சையோ ஒரு கைப்பிடி இருந்தால் தாராளம்.

இருட்டில் சாலையோரம் நடப்பதால் பையின் பின்புறம் ஒளிரும் பட்டை ஒட்டுகிறோம். பிறகு ஈரத் துண்டைக் காயவைக்க அதன் மேலேயே போர்த்திவிடுகிறோம்! பட்டை மறைந்தது, லாரிக்காரருக்கு நீங்கள் தெரியவில்லை. துண்டு காயப் பகல் இருக்கிறது.

வண்டிப் பைக்குச் சக்கரம் வைத்த சூட்கேஸ் வேண்டாம். அடுக்கும்போது மற்றவர் பையை நசுக்கும். ஊறுகாய்க் கண்ணாடிப் பாட்டிலும் வேண்டாம், உங்கள் பை குவியலின் அடியில்தான் கிடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பை நூறு இருக்கும். கைப்பிடியில் கண்ணில் படும் நிறத்தில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டி, பேரும் போன் நம்பரும் எழுதி ஒட்டுங்கள். கம்பளி, ஜமுக்காளம், மீதி உடுப்பு எல்லாம் இதில்தான். வண்டி வராத ராத்திரிக்குத் தோள் பையில் இருக்கும் நாலு முழ வேட்டியே படுக்கையும் போர்வையும்.

காவடியோடு திரும்பவும் நடந்தே வருபவர்களைத் தவிர மற்றவர்கள் பழனியிலிருந்து பஸ் ஏறுவார்கள். அப்போதுதான் பஞ்சாமிர்தத்துக்கு இடமில்லை என்று தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பஞ்சாமிர்தம்தான், ஆனால் டப்பா மூடி லேசாகத் திறந்தாலும் பை முழுக்கத் தேனும் பழமும் ஆகிவிடும். கிளம்பும்போதே மடித்த துணிப் பை ஒன்றை அடியில் போட்டு வையுங்கள். டப்பாவைத் தனிக் கவரில் கட்டி, நிமிர்த்தி அதில் வைத்து, பஸ்ஸில் மேல் தட்டில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.