உலகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானங்களில் ஆடத் திட்டமிடுவது எப்படி?

தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய கோல்ஃப் மைதானங்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆடிவிட வேண்டும் என்று விரும்புகிறவர்கள், பெரும்பாலும் ஒரு தரவரிசைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகக் குறிக்கத் தொடங்குகிறார்கள். அந்த வழி சீக்கிரமே முட்டுச் சந்தில் போய் நின்றுவிடும். பட்டியல்களின் உச்சியில் இருக்கும் பைன் வேலி, சைப்ரஸ் பாயின்ட், அகஸ்டா நேஷனல் ஆகிய மூன்றும் தனியார் கிளப்புகள். உறுப்பினர் ஒருவர் விருந்தினராக அழைத்துச் செல்லாவிட்டால், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அங்கே ஆட முடியாது. ஆகவே, எந்த மைதானம் வெளியாட்களை அனுமதிக்கிறது, அங்கே நம்முடைய ஆட்டம் தாக்குப்பிடிக்குமா என்ற இரண்டு கேள்விகளிலிருந்து திட்டத்தைத் தொடங்குவதே சரி. என் உறுதியான பரிந்துரை, ஒரு பயணத்துக்கு ஒரு கடற்கரையை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கே மூன்று நான்கு மைதானங்களில் ஆடி, அவற்றுள் மிகச் சிறந்ததில் இரண்டு முறை ஆட வேண்டும் என்பதே. முதல் சுற்றில் நாம் பார்ப்பது காட்சியை மட்டும்தான். பங்கர் என்ற மணற்பள்ளம் ஏன் அந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையான கிரீன் ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் இரண்டாம் சுற்றில்தான் புரியத் தொடங்கும்.

முதல் பயணத்துக்கு நான் ஸ்காட்லாந்தையே சொல்வேன். செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஓல்டு கோர்ஸ் உலகிலேயே மிகவும் பெயர் பெற்ற மைதானமாக இருந்தும், அது பொதுமக்களுக்கு உரியது. 1974-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான லிங்க்ஸ் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. அங்கே இடம் பிடிக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, முந்தைய ஆண்டிலேயே முன்பதிவுக்கு விண்ணப்பிப்பது. மற்றொன்று குலுக்கல்: ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள் குறைந்தது இருவராகச் சேர்ந்து பெயர் கொடுத்தால், அன்று மாலையே முடிவு தெரிந்துவிடும். தனியாக வருபவர்களுக்கு வேறொரு குலுக்கல் நடக்கிறது. பெரிய போட்டிகள் நடக்கும் காலம் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் அந்தப் புல்வெளியில் உலாவப் போவார்கள். குலுக்கலை நம்பிப் போகிறவர்கள் திங்கள் முதல் சனி வரை அந்த ஊரிலேயே தங்கி ஒவ்வொரு நாளும் பெயர் கொடுப்பது நல்லது. பெயர் விழாத நாள்களில், பக்கத்திலேயே ஓல்டு டாம் மோரிஸ் 1895-இல் அமைத்த நியூ கோர்ஸ் இருக்கிறது. அதை இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓல்டு கோர்ஸில் இறங்குவதற்கு முன் அதன் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 22 குழிகளாக இருந்த சுற்று 1764-இல் இங்கேதான் 18 ஆகக் குறைக்கப்பட்டது, அதுவே பின்னர் உலகெங்கும் வழக்கமாயிற்று. 1, 9, 17, 18 ஆகிய நான்கு குழிகளுக்கு மட்டுமே தனிக் கிரீன் உண்டு. மற்ற பதினான்கும் ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்கின்றன. அப்படிப் பகிரும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். அந்தக் கிரீன்களில் போகும் வழிக் குழிக்கு வெள்ளைக் கொடியும் திரும்பி வரும் வழிக் குழிக்குச் சிவப்புக் கொடியும் நட்டிருப்பதால், அடிக்கும் முன் கொடியின் நிறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடமான டீயிலிருந்து இடப்பக்கம் அடிப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆனால் இடப்பக்கத்திலிருந்து கிரீனை அணுகும் கோணம் பல குழிகளில் கடினமாக இருக்கும். துணிவுக்குப் பரிசும் பாதுகாப்புக்குச் சிறு தண்டனையும் தரும் இந்த ஏற்பாட்டைத்தான் பிற்கால வடிவமைப்பாளர்கள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். பதினேழாம் குழியான ரோடு ஹோலில், கிரீனுக்குப் பின்னால் ஓடும் சாலையும் ஆட்டக்களத்தின் பகுதியே. பந்து சாலையில் நின்றால் இலவசமாக எடுத்து வைக்க முடியாது, கிடந்த நிலையிலேயே அடிக்க வேண்டும்.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான மேட்டு நிலத்தில் அமைந்தவையே லிங்க்ஸ் மைதானங்கள். மழைநீர் அங்கே தேங்குவதில்லை. மெல்லிய ஃபெஸ்கியூ புல்லின் அடியில் தரை கெட்டியாக இருக்கும். காற்று ஓய்வதும் அரிது. உயரத் தூக்கி அடித்துப் பந்தை மெத்தென்று இறக்கப் பழகியவர்களுக்கு இங்கே முதல் நாளிலேயே ஏமாற்றம் காத்திருக்கும், ஏனென்றால் அந்தப் பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் எகிறி ஓடிவிடும். ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே 7 அல்லது 8-ஆம் எண் இரும்பு மட்டையால் பந்தைத் தாழ்வாக அடித்துத் தரையில் உருளவிடும் ஆட்டத்தைப் பயிற்சி செய்யுங்கள். கிரீனுக்கு வெளியே இருபது கெஜம் தள்ளி நின்றாலும் பந்தை உருட்டும் மட்டையான பட்டரை எடுக்கத் தயங்க வேண்டாம். அங்கே அதுதான் அறிவுள்ள தேர்வு.

இந்த உருளும் ஆட்டத்தை மிக அழகாகக் கற்பிப்பது, அதே ஸ்காட்லாந்தில் இருக்கும் நார்த் பெர்விக் மைதானத்தின் பதினைந்தாம் குழியான ரெடான். பார், அதாவது முடிக்க வகுத்த அடிகளின் எண்ணிக்கை, மூன்றாக உள்ள அந்தக் குழியின் கிரீன், முன் வலப்பக்கத்திலிருந்து பின் இடப்பக்கமாகச் சரிந்து விலகிப் போகிறது. கொடியை நேராகக் குறிவைப்பவருக்கு அங்கே தண்டனைதான். வலது முன்பகுதியில் பந்தை இறக்கிச் சரிவின் வழியே போகவிடுபவருக்குப் பந்து கொடியருகே வந்து நிற்கும். சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு அமெரிக்காவில் தாம் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் இதைப் படியெடுத்தார், அதன்பின் உலகெங்கும் எண்ணற்ற ரெடான்கள் தோன்றின. மூலத்தை ஒருமுறை ஆடியவர் எங்கே போனாலும் அதன் சாயலை அடையாளம் கண்டுகொள்வார். அருகிலேயே இருக்கும் மியூர்ஃபீல்டு, விருந்தினர்களை வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே ஏற்பதால், அதைச் சேர்க்க விரும்புவோர் பயணத் தேதிகளை அந்த நாள்களைச் சுற்றியே அமைக்க வேண்டும். நேரம் கூடுதலாக இருந்தால் வடக்கே டார்னாக் வரை போய்வரலாம். 1872-இல் அங்கே பிறந்த டொனால்டு ராஸ்தான் பிற்காலத்தில் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2-ஐ அமைத்தார். டார்னாக்கின் உயர்த்தப்பட்ட கிரீன்களில் ஆடிவிட்டு ஓராண்டு கழித்துப் பைன்ஹர்ஸ்டுக்குப் போவது, ஒரு கலைஞரின் வளர்ச்சியைக் காலால் நடந்து பார்ப்பதற்குச் சமம்.

அயர்லாந்துத் தீவுக்குப் போகிறவர்கள் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடியின் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மோர்ன் மலைகளின் அடியில் இருக்கும் ராயல் கவுண்டி டவுன் மைதானத்தில், விழும் இடம் கண்ணுக்குத் தெரியாமலேயே பல அடிகளை அடிக்க வேண்டியிருக்கும். மேட்டின்மேல் வைத்த ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டி அதன்மேல் அடியுங்கள் என்று கேடி சொல்வார். சந்தேகப்படாமல் அடிப்பவருக்கே அந்த மைதானம் மகிழ்ச்சி தரும். லஹின்ச்சில் உள்ள டெல் என்ற குறுங்குழியிலும் மணற்குன்றுகள் கிரீனை முழுக்க மறைத்திருக்கும். கேடிக்குரிய தொகை பெரும்பாலான இடங்களில் மைதானக் கட்டணத்தில் சேராது, நேரடியாகப் பணமாகவே கொடுக்க வேண்டும். 1951, 2019, 2025 ஆகிய ஆண்டுகளில் ஓப்பன் சாம்பியன்ஷிப் போட்டி நடந்த ராயல் போர்ட்ரஷும் ராயல் கவுண்டி டவுனும் ஒரே பயணத்தில் அடங்கும்.

அமெரிக்காவில் பணம் செலவழிக்கத் தயாராக இருந்தால் திறக்கும் பெரிய கதவு பெபிள் பீச். ஜாக் நெவிலும் டக்ளஸ் கிரான்ட்டும் அமைத்து 1919-இல் திறக்கப்பட்ட இந்த மைதானத்தின் கட்டணம் 600 டாலருக்கும் மேல். அதோடு, நெடுநாள் முன்பே நேரம் உறுதியாக வேண்டுமென்றால் அவர்களுடைய விடுதியில் தங்க வேண்டும். வெளியே தங்குபவர்கள் முந்தைய நாளில் மிச்சமிருக்கும் நேரத்தையே கேட்டுப் பெற முடியும். ஏழாம் குழியின் நீளம் ஏறத்தாழ 106 கெஜம்தான், ஆனாலும் கடற்காற்றின் வேகத்தைப் பொறுத்து அங்கே எடுக்கும் மட்டை தலைகீழாக மாறும். எட்டாம் குழியில் செங்குத்துப் பாறை விளிம்பைத் தாண்டி அடிக்கும் இரண்டாம் அடி, கொடுத்த பணத்துக்கு ஈடு என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும், ஒரே செலவில் எங்கே அதிகம் கற்கலாம் என்று கேட்டால் நான் ஆரிகனில் உள்ள பேண்டன் டியூன்ஸையே காட்டுவேன். 1999-இல் ஒரு மைதானத்தோடு தொடங்கிய அந்த இடத்தில், டாம் டோக் வடிவமைத்த பசிஃபிக் டியூன்ஸ், கூர்–கிரென்ஷா இருவரின் பேண்டன் டிரெய்ல்ஸ் உட்படப் பல முழு மைதானங்கள் அடுத்தடுத்து வந்துவிட்டன. அங்கே வண்டி கிடையாது, மருத்துவக் காரணம் உள்ளவர்களைத் தவிர அனைவரும் நடந்தே ஆக வேண்டும். விடுதியும் ஆடம்பரமும் வேண்டாதவர்களுக்கு, நியூயார்க் மாநிலப் பூங்காவில் உள்ள பெத்பேஜ் பிளாக், 2002, 2009 ஆண்டுகளின் யு.எஸ். ஓப்பன் போட்டியை நடத்தியும் பொதுமக்களுக்குத் திறந்த மைதானமாகவே நீடிக்கிறது. முன்பதிவு கிடைக்காதவர்கள் இரவு முழுக்கக் காரிலேயே காத்திருந்து விடியற்காலையில் நுழைவது அங்கே வழக்கம். மிகவும் கடினமான மைதானம், தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்ற பொருளில் முதல் டீ அருகே ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதைப் படம் எடுத்துக்கொண்டு போவோர் பலர், அதன் சொல்லை மதித்து முன் டீக்குப் போவோர் சிலரே.

எந்த டீயிலிருந்து தொடங்குவது என்பதைப் பெருமையை வைத்து முடிவு செய்யாமல் எண்ணை வைத்து முடிவு செய்யலாம். ஒவ்வொரு குழியிலும் முன்னும் பின்னுமாகப் பல டீக்கள் இருக்கும்; ஒவ்வொரு டீக்கும் அதன் கடினத்தைக் காட்டும் ஸ்லோப் மதிப்பீடு 55 முதல் 155 வரை உண்டு. 113 என்பது நிலையான அளவு. உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் குறியீட்டை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்தால், அந்த டீயில் உங்களுக்கு எத்தனை அடி கூடுதலாகக் கிடைக்கும் என்பது தோராயமாகத் தெரியும். குறியீடு 18 உள்ளவருக்கு ஸ்லோப் 145 இருக்கும் டீயில் அது 23 ஆகிறது. மைதான மதிப்பீட்டுக்கும் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுப்பார் என்று கணித்த அடிகள்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தையும் இதோடு சேர்த்தால் முழுக் கணக்கு வந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்து மனம் சோர்ந்தால், ஒரு டீ முன்னால் போய் ஆடுங்கள். வடிவமைப்பாளர் வைத்த கேள்விகள் அப்போதுதான் நம் அடி எட்டும் தூரத்துக்கு வரும்.

ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்னை விட்டுவிட மனம் வரவில்லை. 1926-இல் அங்கே வந்த அலிஸ்டர் மெக்கன்சி வகுத்த மேற்கு மைதானம் 1931-இல் திறக்கப்பட்டது. பங்கரின் விளிம்பு கிரீனின் ஓரம் வரை கத்தியால் வெட்டியதுபோல் வந்து நிற்பது அந்த மணற்பகுதியின் தனி அழகு. அது தனியார் கிளப் என்றாலும், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் தங்கள் கிளப்பின் அறிமுகக் கடிதத்தோடும் நடப்பு ஹேண்டிகேப் சான்றிதழோடும் பல மாதம் முன்பே எழுதிக் கேட்கலாம். இடம் கிடைக்காவிட்டால் டாஸ்மேனியாவில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் பார்ன்பூகல் டியூன்ஸ் முழு நிறைவைத் தரும். ஜப்பானில், சார்லஸ் அலிசன் வடிவமைத்து 1936-இல் திறக்கப்பட்ட கவானாவின் ஃபூஜி மைதானம், அதே விடுதியில் தங்குபவர்களுக்குக் கிடைக்கும்.

ஏற்பாடுகளைச் செய்யும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். விமானச் சீட்டை முதலில் வாங்கிவிட்டு மைதானத்துக்கு எழுதினால், கிடைக்கும் நேரம் கையில் உள்ள தேதிகளுக்குப் பொருந்தாமல் போகும். மிகக் கடினமாகக் கிடைக்கும் மைதானத்தின் நேரம் உறுதியானபின் மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள். விமானமும் விடுதியும் கடைசியில் வரட்டும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றுக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஜூன் மாதத்தில் இரவு 10 மணி அளவிலும் வெளிச்சம் இருப்பதால், ஒரே நாளில் இரண்டு சுற்றுகள் தாராளமாக முடியும். நல்ல மழைச் சட்டையும், மழையிலும் பிடி வழுக்காத கையுறையும் கட்டாயம் வேண்டும். ஒரு சுற்று நடந்து முடிக்க 8 முதல் 10 கிலோமீட்டர் ஆகும் என்பதால், பயணத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் பையைத் தோளில் சுமந்தபடி அந்தத் தூரத்தை வாரத்தில் சில முறையாவது நடந்து பழகிக்கொள்ளுங்கள்.