சைலேஜ் மக்காச்சோளம்: எப்போது வெட்டுவது என்று மணியே சொல்லும்

சைலேஜுக்கு, அதாவது காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் மாட்டுத் தீவனத்துக்கு, மக்காச்சோளத்தை வெட்டும் முன் வயலின் நடுவிலிருந்து நாலைந்து கதிர்களைப் பறித்துக் குறுக்கே ஒடியுங்கள். நுனித் துண்டின் ஒடிந்த பக்கத்து மணிகளில் மேலே கெட்டி மாவு, கீழே பால், நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு மணியின் மேல்முனையிலிருந்து பாதிக்கும் முக்காலுக்கும் இடையே இறங்கியிருக்கும்போது வெட்டிவிடுங்கள்.

அப்போது மாவுச்சத்து நன்றாகச் சேர்ந்திருக்கும், தண்டும் அதிகம் முற்றியிருக்காது. தாமதித்தால் தண்டில் லிக்னின் என்ற, எளிதில் செரிக்காத கட்டைப்பொருள் ஏறி நார் செரிப்பது குறையும். அதைவிடப் பெரிய நஷ்டம், இறுகிப்போன மணிகள் உடையாமல் சாணத்தோடு அப்படியே வெளியேறுவது. ரொம்ப முன்னதாக வெட்டினாலோ ஈரம் மிகுந்து சத்து நீராக வடிந்துவிடும்.

வறட்சியில் மணி பிடிக்காத பயிருக்கு இந்தக் கோடு உதவாது. புல் வகைகளுக்கும் அப்படித்தான். புற்களைப் பூக்கதிர் தலைகாட்டும்போதே வெட்டுவது நல்லது.