சாரல் காலத்தில் கேஸ் அடுப்பு: நெல்லை வீடுகளுக்கான பாதுகாப்பு முறைகள்

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் சாரல் காற்று, தென்காசியைக் கடந்து திருநெல்வேலி வரை வீசத் தொடங்கிவிடும். மேற்கே சன்னல் உள்ள அடுக்களைகளில், சிறுதீயில் வைத்த அடுப்பு ஓசையில்லாமல் அணைந்துபோவது அந்த மாதங்களில் வழக்கமாக நடப்பதுதான். சொதிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றித் தீயைக் குறைத்துவிட்டுப் பட்டாசலுக்குப் போய் உட்கார்ந்தவருக்கு அது தெரியாது. தீ அணைந்த பிறகும் பர்னரிலிருந்து வாயு வந்துகொண்டேயிருக்கும். பால் பொங்கி வழிந்து தீயை அணைக்கும்போதும் இதுவே நேர்கிறது. தீ அணைந்தவுடன் வாயுவைத் தானாக நிறுத்தும் அமைப்பு நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான அடுப்புகளில் இல்லை. ஆகவே சிறுதீயில் எதையேனும் வைத்துவிட்டு அடுக்களையை விட்டு அகல வேண்டாம்; அகல நேர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டே செல்லுங்கள்.

காற்றுக்குப் பயந்து எல்லாச் சன்னல்களையும் சாத்திவிடுவதும் சரியன்று. எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காவிட்டால் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உண்டாகும். காற்று நேராக வரும் சன்னலை மட்டும் சாத்திப் புறவாசல் கதவைத் திறந்து வைக்கலாம். வீடு கட்டும்போதோ மேடையை மாற்றும்போதோ சன்னலுக்கு நேர்கீழே அடுப்பு வராதபடி அமைத்துக்கொள்வதே நிலையான தீர்வு.

புரோபேன், பியூட்டேன் கலவையான சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து தேங்கும். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைந்துவிடுகிறது. திருநெல்வேலி டவுனில் பக்கச் சுவர்கள் ஒட்டியபடி நீளவாக்கில் கட்டப்பட்ட பழைய வீடுகளில், உயர்ந்த நிலைப்படி இந்த வாயுவை அணை போட்டதுபோல் அறைக்குள்ளேயே நிறுத்திவிடும். சுவரின் உச்சியில் உள்ள புகைபோக்கி விசிறியால் பெரிய பயன் இராது. மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் சிலிண்டரை வைப்பவர்கள், அக்கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் விட வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். தீரும் தறுவாயில் அதைப் படுக்க வைப்பதும் வெந்நீரில் நிறுத்துவதும் பல வீடுகளில் காணப்படும் பழக்கம். படுத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரக்கூடும். இரண்டையும் அறவே விட்டுவிடுங்கள்.

புதிய சிலிண்டர் வந்ததும் முத்திரை பிரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டில் எழுதியுள்ள வெற்று எடையுடன் 14.2 கிலோவைக் கூட்டினால் மொத்த எடை வர வேண்டும். அதே பகுதியில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். ‘பி 28’ என்றிருந்தால் 2028 ஜூனுக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்ததை வாங்காதீர்கள். சிலிண்டர் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உள்ளதா என்று கொண்டுவருபவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு அவசரம் இருக்கும், ஆனால் அது அவருடைய கடமை.

கம்பி வலையிட்ட, ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஆரஞ்சு நிறக் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது ஒன்றரை மீட்டருக்கு மேற்படாமலும் ஒட்டுப்போடாமலும் இருக்கட்டும். கசிவைச் சந்தேகித்தால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டுமே தவிர, தீக்குச்சியை அருகே கொண்டுபோகவே கூடாது.

லைட்டரைப் பர்னர் அருகே பிடித்துக்கொண்ட பிறகே திருகைத் திறவுங்கள். உடனே பற்றவில்லையென்றால் மூடிவிட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன அல்லது காற்று போதவில்லை. இரவில் படுக்கும் முன் அடுப்பின் திருகோடு நிறுத்தாமல் ரெகுலேட்டரையும் மூடிவிடுங்கள்.

வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை உணர்த்துவதற்காகவே எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. நெடுநேரம் உள்ளேயே இருப்பவரின் மூக்குக்கு அந்த நாற்றம் பழகிவிடும். வெளியிலிருந்து வருகிறவர் சொன்னால் மறுக்காமல் கேளுங்கள். நாற்றம் தெரிந்தால் விளக்கு, விசிறி எதன் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; குளிர்சாதனப் பெட்டியின் செருகியையும் பிடுங்க வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிடுங்கள். அடுக்களையிலேயே சாமி அலமாரி வைத்திருப்பவர்கள் நாற்றம் இலேசாகத் தெரியும்போதே எண்ணெய் விளக்கையும் ஊதுபத்தியையும் அணைத்துவிட வேண்டும். இயலுமானால் ரெகுலேட்டரைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியை மாட்டுங்கள். அம்மூடியை நூலோடு சிலிண்டரிலேயே தொங்கவிட்டிருப்பது இதற்காகத்தான். எல்லோரும் வெளியே வந்த பிறகு, 24 மணி நேரமும் இயங்கும் 1906 என்ற எண்ணை அழையுங்கள். தீப்பிடித்துவிட்டால் 101.

சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். உடம்பில் சுட்டுவிட்டால் இட்லி மாவு, பற்பசை எதுவும் தடவாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். காயம் பெரிதானால் 108-ஐ அழைத்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி வீடுகளுக்குள் வந்ததைக் கண்டவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. நிரம்பிய சிலிண்டரும் நீரில் மிதக்கும். நீர் ஏறும்போது அது குழாயோடு இழுபட்டு இணைப்பு கழன்றுவிடக்கூடும் என்பதால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ரெகுலேட்டரைக் கழற்றி மூடியை மாட்டிச் சிலிண்டரை உறுதியாகக் கட்டிவிடுங்கள். நீர் வடிந்த பிறகு, முகவரிடமிருந்து மெக்கானிக் வந்து ரெகுலேட்டர், குழாய், பர்னர் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லும் வரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.